நாற்பத்தைந்து நாள் காசு

பனியன் கம்பெனிகளின் ஊரில், சாயத் தண்ணீர் ஓடிய வாய்க்காலுக்குத் தெற்கே, பதினோரு வீடுகளும் இரண்டு கக்கூசும் ஒரே ஒரு தண்ணீர்க் குழாயும் கொண்ட லைனில், ஒரு சனிக்கிழமை சாயங்காலம், சம்பளக் கவர் இன்னும் பிரிக்கப்படாமல் இடுப்பில் செருகியிருந்த நேரத்தில், ரங்கநாயகி தன் பத்து வயது மகள் மிருதுளாவிடம் "காசு இல்ல கண்ணு" என்று சொன்னாள். சொன்ன வாயை மூடுவதற்குள் அவள் நாக்குக்கு அடியிலிருந்து ஒரு பத்து ரூபாய் நாணயம் எச்சிலோடு வழுக்கி வெளியே வந்து, சிமெண்டுத் தரையில் விழுந்து, உருண்டு, அடுப்பு மேடைக்குக் கீழே போய் நின்றது.

பல் விழுந்துவிட்டது என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். பல் டாக்டரிடம் போனால் எவ்வளவு கேட்பார்கள், அதற்கு எந்த நாள் லீவு போடுவது, போட்டால் சூப்பர்வைசர் என்ன சொல்வான் என்று வரிசையாகக் கவலைப்பட்டு முடித்த பிறகுதான் நாக்கால் துழாவிப் பார்த்தாள். எல்லாப் பல்லும் இருந்தது.

மிருதுளா குனிந்து எடுத்துப் பாவாடையில் துடைத்தாள். "அம்மா, பத்து ரூபா."

"கீழ கெடந்துச்சா?"

"இல்ல. உன்ற வாயில இருந்து வந்துச்சு."

அவ்வளவுதான் பேச்சு. ரங்கநாயகி அரிசி களைய உட்கார்ந்தாள். காலை எட்டரையிலிருந்து ராத்திரி எட்டரை வரை நின்றபடியே பனியன் துணியில் ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா, நூல் தொங்குகிறதா என்று பார்த்துப் பார்த்துத் தள்ளுகிற செக்கிங் வேலைக்காரிக்கு, ஆச்சரியப்படுவதற்கென்று தனியாக மிச்சம் எதுவும் உடம்பில் இருப்பதில்லை. அன்று சனிக்கிழமை என்பதால் ஆறு மணிக்கே விட்டிருந்தார்கள். அதுதான் அன்றைக்கு நடந்த பெரிய விஷயம்.

மிருதுளா கேட்டது பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போகிற மைசூர் டூருக்கு எண்ணூற்று ஐம்பது ரூபாய். ரங்கநாயகியிடம் அது இருந்தது. அதைப்போல இருபது மடங்குக்கும் மேலேயே இருந்தது. ரப்பர் போன பழைய குக்கருக்குள், பாலிதீன் கவரில், பத்தொன்பதாயிரத்து நூற்றிருபத்தைந்து ரூபாய். இரண்டு வருடமாக அவள் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்தது. பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவள் கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, எடுத்துவிட வேண்டும், இங்கே எல்லாம் இலவசம்தான், ஆனால் எடுத்த பிறகு நாற்பத்தைந்து நாள் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது, படுத்துத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். ஆபரேஷனுக்குக் காசு வேண்டாம்; படுத்திருக்கத்தான் காசு வேண்டும். நாளொன்றுக்குச் சம்பளம் நானூற்று இருபத்தைந்து. ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு விட்டாலும் வயிறு லீவு விடுவதில்லை என்பதால் ஞாயிறுகளையும் சேர்த்தே நாற்பத்தைந்தால் பெருக்கி வைத்திருந்தாள். மாதத்தில் பதினைந்து நாள் உதிரம் போய், கம்பெனி வேன் ஏறும்போது கண் இருட்டி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற காலமெல்லாம் அவள் அந்தக் குக்கரைத்தான் நினைத்துக்கொள்வாள். அடுத்த மாதம் இரண்டாம் தேதி வந்து படுக்கச் சொல்லியிருந்தார்கள்.

இது வீட்டில் யாருக்கும் தெரியாது. வீடு என்றால் மிருதுளாதான். புருஷன் சென்னிமலைக்காரர் ஒருவரின் போர்வெல் வண்டியில், சத்தீஸ்கர் பக்கம் எங்கேயோ பூமியைக் குடைந்துகொண்டிருந்தான்; ஆறு மாதத்துக்கு ஒருமுறை மண் நிறத்தில் வந்து போவான். அவனுக்குத் தெரிந்தால் பாதி வேலையில் இறங்கி ஓடி வந்துவிடுவான், வந்தால் வாங்கிய அட்வான்ஸுக்கு யார் பதில் சொல்வது? மிருதுளாவுக்குத் தெரிந்தால் அவள் பயந்துபோவாள், போனில் அப்பாவிடம் சொல்லியும்விடுவாள். இந்தக் காரணங்களுக்கெல்லாம் அடியில் இன்னொன்றும் இருந்தது: பிள்ளைக்கு ஒரு ஐஸ்கூட வாங்கித் தராமல், தான் படுத்துக்கொள்வதற்காக ஒரு பொம்பளை காசு சேர்க்கிறாள் என்பது அவளுக்கே கூச்சமாக இருந்தது.

மறுநாள் காலையில் குழாயடிக்குப் போனபோது எல்லாப் பெண்களும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். யாரும் யாரிடமும் கேட்கவில்லை. கடைசியில் தேனிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த வேலுத்தாயிதான், பக்கத்து வீட்டுக்காரி, குடத்தைக் கீழே வைத்துவிட்டு உடைத்துப் பேசினாள்.

"ஏண்டி ரங்கு, உனக்குமா?"

"ஒண்ணுதான்க்கா."

"எனக்கு ஏழு. ரெண்டு புள்ளைக, அதுக கேக்குற கேள்விக்கு ஏழோட நின்னுச்சேன்னு சந்தோசப்பட்டுக்கிட்டேன்."

கடைசி வீட்டு ஜம்ருத் முந்தானையை எடுத்தாள். "நான் வாய்தான் கோணிப்போச்சுன்னு ராத்திரியெல்லாம் கண்ணாடி பாத்துட்டிருந்தேன். அல்லா, எல்லாருக்கும்தானா!" என்று சொல்லிப் பெரிய நிம்மதியோடு தண்ணீர் பிடித்தாள்.

அப்படித்தான் அந்த அதிசயம் லைனுக்குள் வந்து, ஒரு வாரத்தில் கொசுவைப்போல, கரண்டு கட் ஆவதைப்போல பழகிப்போனது. பழகியதற்கு முக்கியமான காரணம், விழுந்ததெல்லாம் பத்து ரூபாய் நாணயமாக இருந்ததுதான். அந்த ஊரில் பத்து ரூபாய் நாணயத்தை யாரும் வாங்குவதில்லை. வேலுத்தாயி தன் ஏழு நாணயத்தையும் கழுவி எடுத்துக்கொண்டு மளிகைக் கடைக்குப் போய்ப் போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"செல்லாதுன்னுட்டான்."

"வாயில இருந்து வந்துச்சுன்னு சொன்னீங்களாக்கும்?" என்றாள் ஜம்ருத்.

"அதையுஞ் சொன்னேன். அதுக்கு அவன், வாயில இருந்து வந்தா என்ன வேற எங்கருந்து வந்தா என்ன, பத்து ரூவா காயின்னா நான் வாங்க மாட்டேன்க்கா, அஞ்சு ரூவாயா வந்தாச் சொல்லுங்கங்கிறான்."

டவுன் பஸ் கண்டக்டர் வாங்கவில்லை. செல்லும், சட்டப்படி செல்லும் என்று பேங்க்கில் போர்டு எழுதி வைத்திருந்தார்கள். ஆனால் அங்கே கவுண்டரில் நிற்க அரை நாள் சம்பளம் போகும். ஆகவே நாணயங்கள் ஜன்னல் விளிம்புகளிலும், ஆடுகிற மேஜைக் காலுக்குக் கீழேயும், பிள்ளைகளின் ஜியோமெட்ரி டப்பாக்களிலும் கிடந்தன.

மெல்ல மெல்ல அதன் வழிமுறைகளும் தெரிந்தன. பெரியவர்களிடம் எத்தனை முறை காசு இல்லை என்று சொன்னாலும் ஒன்றும் வராது. பிள்ளையிடம் சொன்னால்தான் வரும். அப்புறம் பார்க்கலாம் என்றால் வராது, அப்பாகிட்ட கேளு என்றால் வராது, காசு இல்லை என்று சொன்னால்தான் வரும். உண்மையிலேயே இல்லாதபோது சொன்னால் வராது. இந்தக் கடைசி விஷயம் எல்லோருக்கும் ஒரு செவ்வாய்க்கிழமை தெரியவந்தது.

வேலுத்தாயியின் சின்ன மகள் பானிபூரி வண்டிக்குப் பக்கத்தில் நின்று கேட்டாள். அதற்குள் லைன் பிள்ளைகளெல்லாம் கேட்கும்போதே அம்மாவின் முகவாய்க்கு நேராகக் கையைக் குவித்து நீட்டப் பழகியிருந்தார்கள். அவளும் நீட்டினாள். வேலுத்தாயி "காசு இல்லத்தா" என்றாள். ஒன்றும் விழவில்லை. பிள்ளை கையை எடுக்காமல் நின்றது. "இன்னொருக்கா சொல்லும்மா." வேலுத்தாயி இன்னொரு முறை சொன்னாள். மூன்றாவது முறையும் சொன்னாள். வண்டிக்காரன் கரண்டியைப் பிடித்தபடி வேறு பக்கம் பார்த்தான். பதினோரு வாசலிலும் நின்றிருந்தவர்கள் ஒவ்வொருவராக, அடுப்பில் ஏதோ வைத்திருப்பதுபோல, உள்ளே போனார்கள். மறுநாள் காலை வேலுத்தாயி வாசலில் ஒரு படி அரிசியும் மூன்று முட்டையும் இருந்தன. யார் வைத்தது என்று அவளும் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை. அதன்பிறகு கொஞ்ச நாள் குழாயடியில் அவள் சத்தமே இல்லை.

இதற்கிடையில் மிருதுளா கேட்கத் தொடங்கியிருந்தாள். முன்பெல்லாம் வாரத்துக்கு ஒரு தடவை கேட்கிற பிள்ளை, இப்போது காலையில் இரண்டு, சாயங்காலம் இரண்டு என்று கேட்டாள். ஹேர்பேண்டு வேண்டும். ஏற்கெனவே இருக்கிறதே. ஸ்கெட்ச் வேண்டும். மீன் தொட்டி வேண்டும். ஒரு நாள் ஒட்டகம் பார்க்கப் போக வேண்டும் என்றாள். ரங்கநாயகி அலுத்துப்போய், துணி துவைத்தபடியோ வேனுக்கு ஓடியபடியோ, "காசு இல்ல கண்ணு, காசு இல்ல" என்பாள், பிள்ளை குவித்த கையில் வாங்கிக்கொண்டு, "சரிம்மா" என்று சமத்தாகப் போய்விடும். இந்தப் பிள்ளைக்கு எங்கிருந்து இவ்வளவு ஆசை வந்தது, டிவியைப் பார்த்து வருகிறதா, பள்ளிக்கூடத்தில் யாராவது கெடுக்கிறார்களா, வளர்ந்து ஒரு வீட்டுக்குப் போய் எப்படிக் குடும்பம் நடத்தும் என்று ரங்கநாயகி செக்கிங் டேபிள் வெளிச்சத்தில் துணியைப் புரட்டிப் புரட்டிக் கவலைப்பட்டாள். அந்த வாரம் அவள் தள்ளிய பீஸில் மூன்று ஓட்டைகள் தப்பிப்போய்த் திட்டு வாங்கினாள்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜம்ருத் ஒரு அரிசி டின்னைத் தூக்கிக்கொண்டு லைனின் நடுவே வந்து நின்றாள். டின்னுக்குள் பெருநாளுக்கென்று ஒரு ஐநூறு ரூபாய் நோட்டு ஒளித்து வைத்திருந்தாள். இப்போது அது ஒரு நூறு, ஒரு ஐம்பது, இரண்டு இருபது என்று, எந்தக் கடைக்காரரோ பொறுமையாக மீதி எண்ணிக் கொடுத்ததுபோல், நூற்றுத் தொண்ணூறு ரூபாயாக இருந்தது.

"எத்தன காயின் விழுந்துச்சு உனக்கு?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"முப்பத்தொண்ணு."

எல்லோரும் மனசுக்குள் கூட்டிப் பார்த்தார்கள். சரியாக இருந்தது. "அடப் பாவிகளா, நம்ம காசுதானா!" என்றது ஒரு குரல். பிறகு அவரவர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்; பருப்பு டப்பாக்கள், சாமி படத்தின் பின்பக்கம், மெத்தையின் தையல், பழைய செருப்புப் பெட்டி எல்லாம் திறக்கிற சத்தம் லைன் முழுக்கக் கேட்டது. வேலுத்தாயி மட்டும் வாசலில் உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருந்தாள். "எனக்கு அந்தத் தொந்தரவு இல்ல" என்று ஜம்ருத்தின் டின்னைப் பார்த்துச் சொன்னாள். ரொம்ப நாள் கழித்து அவள் பேசியது அதுதான்.

ரங்கநாயகி குக்கரைத் திறந்தாள். பத்தொன்பதாயிரத்து நூற்றிருபத்தைந்து இருக்க வேண்டிய இடத்தில் பதினெட்டாயிரத்து ஐநூற்று ஐந்து ரூபாய் இருந்தது. அறுநூற்று இருபது. ஒன்றரை நாள். அவள் தரையில் உட்கார்ந்து, எந்த ஒன்றரை நாளைக் கழிப்பது, தையல் பிரிக்கிற நாளா, அதற்கு மறுநாளா என்று யோசித்தாள். யோசித்தபடியே அடிவயிற்றில் வலி எழுந்து முதுகுக்குப் போய்த் திரும்பி வந்தது.

அன்று சாயங்காலமே குழாயடியில் பெண்கள் கூடிப் பேசினார்கள். இனிமேல் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. அதற்குப் பதில் என்ன சொல்வது என்பதில்தான் சிக்கல். கடைசியில் ஜம்ருத் சொன்னாள்: "இருக்குன்னே சொல்லிருவோம். காசு இருக்கு, ஆனா வேற வேலைக்கு இருக்குன்னு."

"சொன்னா எந்த வேலைக்குன்னு கேக்குமே அதுக."

"அதையுஞ் சொல்லித் தொலைக்க வேண்டியதுதான்."

யாருக்கும் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்துப் பழக்கமில்லை. அவர்களுக்கும் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆனாலும் சொன்னார்கள். சம்பளக் கவரைப் பிரித்துப் பாயில் பரப்பி, இது ஓனருக்கு வாடகை, இது கேஸு, இது பாட்டிக்கு மாத்திரை, இது அத்தை வீட்டு விசேஷத்துக்கு மொய், இதோ இந்த இருபது ரூபாய்தான் உனக்கும் எனக்கும் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னார்கள். நாணயம் விழுவது நின்றது. பத்து நாளில் லைனில் உள்ள ஆறு வயதுப் பெண்பிள்ளைக்கெல்லாம் சிலிண்டர் விலை தெரிந்தது. அம்மா இரண்டாவது போண்டா எடுத்தால் பிள்ளைகள் பார்த்தார்கள். அப்பா பீடிக் கட்டைப் பிரித்தால் ஒரு நாளைக்கு எத்தனை, மாதத்துக்கு எவ்வளவு என்று சொன்னார்கள். எல்லாவற்றையும் தெரிந்துகொண்ட பிறகு அவர்கள் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். ஐஸ் வண்டிக்காரன் மணியடித்துக்கொண்டு லைனைக் கடந்து போனான், ஒரு கதவும் திறக்கவில்லை; நான்கு நாள் பார்த்துவிட்டு வேறு தெருவுக்குப் போய்விட்டான். பானிபூரி வண்டியும் போனது. "நல்ல புள்ளைகளாயிருச்சுக" என்று பெண்கள் சொல்லிக்கொண்டார்கள், ஆனால் சொல்லும்போது யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

மிருதுளா மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஏனென்றால் ரங்கநாயகி மட்டும் சொல்லவில்லை. பிள்ளை கேட்டால் வாயை இறுக மூடிக்கொண்டு பாத்திரம் துலக்கினாள்.

"அம்மா, வெள்ளிக்கெழம கடைசி நாள். டீச்சர் சொல்லிட்டாங்க."

பாத்திரச் சத்தம்.

"காசு இல்லையாம்மா? இல்லைன்னாச்சும் சொல்லும்மா. இன்னும் இருபத்திமூணு தடவ சொன்னாப் போதும்."

ரங்கநாயகி திரும்பினாள். மிருதுளா ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டிலை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே அறுபத்திரண்டு நாணயங்கள். மீன் தொட்டியும் ஒட்டகமும் எங்கிருந்து வந்தன என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. பிள்ளைக்கு எதன்மேலும் ஆசை வந்திருக்கவில்லை. எண்பத்தைந்து முறை இல்லை என்று சொல்ல வைத்தால் மைசூர் வந்துவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறது.

"டீச்சர் காயினா வாங்கிக்குவாங்களாம், நான் கேட்டுட்டேன்" என்றாள் மிருதுளா.

ரங்கநாயகி கையை ஓங்கினாள். ஓங்கிய கையில் சோப்பு நுரை இருந்தது. அது முழங்கை வரை வழிந்ததும் என்ன நினைத்தாளோ, அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"காசு இருக்குடி. அந்தக் குக்கருக்குள்ள இருக்கு. அது நான் படுத்துக்கறதுக்கு."

மிருதுளா குக்கரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "படுக்கறதுக்கு எதுக்கும்மா காசு?"

ரங்கநாயகி சோப்பு நுரையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். எட்டாம் வகுப்போடு நின்றவள், பெருக்கலைத் தவிர வேறு எதுவும் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவரவில்லை. ஆகவே பெருக்கலிலிருந்தே ஆரம்பித்தாள். நின்றால் ஒரு நாளைக்கு நானூற்று இருபத்தைந்து. படுத்தால் ஒன்றுமில்லை. ஆனால் படுத்திருக்கும்போதும் அரிசி வேகும், பால்காரர் வருவார், ஓனர் ஐந்தாம் தேதி வந்து வாசலில் நிற்பார். அதனால் படுக்கிற நாளை முன்கூட்டியே நின்று சம்பாதித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஓவர்டைம் என்று சொல்லி லேட்டாக வந்த ராத்திரியெல்லாம் அம்மா அப்படி ஒவ்வொரு நாளாக வாங்கி வைத்தாள். பிறகு வயிற்றுக்குள் இருக்கிற கட்டியைப் பற்றிச் சொன்னாள். அதை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று சொன்னாள். பயப்படக் கூடாது, அப்பாவிடம் சொல்லக் கூடாது என்றும் சொன்னாள்.

மிருதுளா அழவில்லை. "அப்ப இதுல எத்தன நாளும்மா இருக்கு?" என்று பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள்.

"ஒண்ணர நாளு."

மிருதுளா குக்கரை இறக்கி, மூடியைத் திறந்து, பாட்டிலைக் கவிழ்த்தாள். அந்தச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டிலிருந்து வேலுத்தாயி, "என்னடி ரங்கு, கோயில் உண்டியலையா ஒடைக்கிறீக?" என்று சுவரைத் தட்டினாள். கடைசி நாணயம் பாட்டில் வாயில் மாட்டிக்கொண்டது. விரலை விட்டு அதையும் எடுத்துப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் ரங்கநாயகி எட்டு நூறு ரூபாய் நோட்டுகளையும் ஒரு ஐம்பதையும் மடித்து மிருதுளாவின் ஜியோமெட்ரி டப்பாவுக்குள் வைத்தாள். வியாழக்கிழமை முழுக்கத் துணியைப் புரட்டிக்கொண்டே அவள் இதைத்தான் யோசித்திருந்தாள்: கேட்காத பிள்ளைகள் பத்து வீட்டில் இருக்கின்றன, தன் வீட்டிலும் ஒன்று வேண்டுமா? மிருதுளா இட்லித் தட்டிலிருந்து எழுந்து வந்து, டப்பாவைத் திறந்து, நோட்டை எடுத்துத் திருப்பி நீட்டினாள்.

"ரெண்டு நாள்தான கண்ணு. நாப்பத்தஞ்சுல ரெண்டு போனா நாப்பத்திமூணு. டாக்டரம்மா வந்து எண்ணிட்டா நிக்கப் போறாங்க? நீ போயிட்டு வா சாமி. யானையெல்லாம் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு, நான் படுத்துட்டே கேட்டுக்கறேன்."

"வேண்டாம்மா."

"ஏன் வேண்டாம்?"

"எனக்குப் போக ஆசை இல்ல" என்றாள் மிருதுளா. சொன்னவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

அந்த லைனில் அதுவரை எந்தப் பிள்ளையின் வாயிலும் நாணயம் வந்ததில்லை. ரங்கநாயகி மகளின் இடது கன்னத்தைப் பார்த்தாள். அங்கே வட்டமாக, சிறிதாக, உள்ளேயிருந்து ஒன்று புடைத்துக்கொண்டு நின்றது. ஓட்டையும் கறையும் பார்த்துத் தேர்ந்த கண்ணுக்கு அது எவ்வளவு அகலம் என்றுகூடத் தெரிந்தது. தெருமுனையில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது.

அவள் உள்ளங்கையைக் குவித்து மகளின் முகவாய்க்குக் கீழே நீட்டினாள். "துப்பு கண்ணு."

மிருதுளா தலையை ஆட்டினாள்.

"அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேன். துப்பிரு சாமி, தொண்டையில சிக்கிக்கும்."

வேன் இன்னொரு முறை ஹாரன் அடித்தது. மிருதுளா கண்ணை இறுக மூடி, கசப்பு மாத்திரை போடும்போது செய்வதுபோலக் கழுத்தை நீட்டி, ஒரே மூச்சில் விழுங்கினாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. டம்ளரை எடுத்து இரண்டு வாய் தண்ணீர் குடித்தாள். பிறகு அம்மாவுக்கு எதிரே நின்று வாயைப் பெரிதாகத் திறந்து, நாக்கைத் தூக்கி, உள்ளே ஒன்றும் இல்லை என்று காட்டினாள்.